சிறிய கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க, அடியில் என்ன மணல் போடலாம்?

60 லிட்டர் தொட்டி, அடிப்பரப்பு 60க்கு 30 செ.மீ., மென்பவளங்களோடு ஒரு கோபி மீனும் வளர்க்க வேண்டும் என்கிறீர்கள். 1 முதல் 2 மி.மீ. பருமனுள்ள அரகோனைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) மணலை இரண்டரை செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். 6, 7 கிலோ பிடிக்கும்.

நான் முதலில் போட்டது பவளச் சல்லி. பார்க்க அழகாக இருந்தது. சில மாதம் கழித்து ஒரு மூலையைக் கிளறினேன். சல்லிக்கு இடையிலிருந்து பழுப்பு நிறத்தில் கசடு புகையாக எழுந்தது. மீன் தின்னாமல் விட்ட தீனியெல்லாம் அந்த இடுக்குகளில் இறங்கி அழுகியிருந்தது. எவ்வளவு தண்ணீர் மாற்றியும், கழிவு அழுகுவதால் சேரும் நைட்ரேட் ஏன் இறங்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது. அடுத்து மாவு போன்ற நைஸ் மணலுக்கு மாறினேன். வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) ஓடிய பக்கம் அடிக்கண்ணாடி தெரிய, எதிர்ப்பக்கம் மணல் குவிந்து பவளங்களின் மேலேயே படிந்தது. நடுத்தரப் பருமனில் இந்த இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறைந்தது.

அரகோனைட் மணல் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் என்பார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். பிஹெச் 8க்கு மேல் இருக்கும்போது அது கரைவதே அரிது. கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) சோதித்து நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நைட்ரேட்டைக் குறைக்க 10 செ.மீ.க்கு மேல் ஆழமாக மணல் போடுபவர்கள் உண்டு. சின்னத் தொட்டிக்கு அது வேண்டாம். அடியில் ஆக்சிஜன் இல்லாத பகுதியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு சேரலாம். தெரியாமல் கிளறிவிட்டால் அதைத் தாங்க 60 லிட்டர் தண்ணீர் போதாது.

மணலே போடாத வெறும் கண்ணாடி சுத்தம் செய்யச் சுலபம்தான். வேகமான நீரோட்டம் கேட்கும் கடின பவளங்கள் மட்டும் என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் பல கோபிகள் மணலில் பள்ளம் பறிப்பவை. சில வாய் நிறைய மணலை அள்ளிச் சலித்து, செவுள் வழியே உதிர்க்கும். அந்தக் காட்சிக்காகவே மணல் போடலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதலில் பாறைகளைக் கண்ணாடியில் ஆடாமல் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் சுற்றிலும் மணல் போடுங்கள். மணல்மேல் பாறையை வைத்தால், கோபி அடியில் தோண்டத் தோண்டப் பாறை சரிந்து மீன் நசுங்கிவிடும். உலர்மணல் என்றால் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். லைவ் சாண்டை (உயிருள்ள பாக்டீரியாவோடு வரும் மணல்) குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடும்.