ஆய்விதழ்க் கட்டுரையில் மேற்கோளும் துணைநூற்பட்டியலும்: கேள்வி பதில்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் நிலையில் இருக்கும் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கேட்டவற்றுள், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி (உயிர்வேதியியல் ஆய்வு மாணவி, திருநெல்வேலி): ஐயா, ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள்) முறையில் அமைத்த என் கட்டுரையை ஓர் இதழ் ஏற்கவில்லை. அடுத்து அனுப்பவிருக்கும் மருத்துவ இதழ், எண்ணால் மேற்கோள் சுட்டும் வான்கூவர் முறையைக் கேட்கிறது. பட்டியல் முழுவதையும் மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆனால், இரண்டு முறைகளுக்கும் இடையே மாறுவது எது, மாறாமல் நிற்பது எது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். டி.என்.ஏ.வின் வடிவத்தை அறிவித்த கட்டுரை 1953 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஏபிஏ முறையில் அது ‘வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953)’ என்று தொடங்கி, கட்டுரைத் தலைப்புக்குப் பிறகு ‘நேச்சர், 171(4356), 737–738’ என்று முடியும். வான்கூவர் முறையிலோ தலைப்பெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது. ஆண்டு ஆசிரியர் பெயரை விட்டு இதழ்ப் பெயருக்குப் பின்னால் போய், ‘நேச்சர். 1953;171(4356):737-8’ என்று ஆகிவிடும். கட்டுரைக்குள் பெயரும் ஆண்டும் இருந்த இடத்தில் வெறும் எண் வரும். பட்டியலும் அகரவரிசையை விட்டுவிட்டு, கட்டுரையில் முதலில் சுட்டப்பட்ட வரிசையில் அமையும்.

ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, தொகுதி, இதழ் எண், பக்கம் ஆகிய ஆறும் எங்கும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். இவற்றை ஜோட்டெரோ, மெண்டலி, எண்ட்நோட் போன்ற ஒரு மேற்கோள் மென்பொருளில் தனித்தனிக் கட்டங்களில் பதிந்து வைத்திருந்தால், முறையை மாற்றுவது ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். ஆங்கிலக் கட்டுரைத் தலைப்புகளைப் பதியும்போது, முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து இடுங்கள். எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்கும் முறைக்கு மென்பொருள் எளிதாக மாற்றிவிடும். திரும்ப மாற்றச் சொன்னால், எது ஊர்ப்பெயர், எது சாதாரணச் சொல் என்று அதற்குத் தெரியாது. இணையத்திலிருந்து தானாக இறங்கும் பதிவுகளில் நான் மிகுதியாகத் திருத்துவது இந்த ஒன்றைத்தான்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்): நம் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லை. ஆங்கில இதழ்கள் குடும்பப்பெயரை முதலில் எழுதச் சொல்கின்றன. எதை முன்னால் வைப்பது?

பதில்: தமிழ்ப் பெயரில் முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயருக்கோ ஊருக்கோ உரியது, அந்த மனிதரை அடையாளம் காட்டுவது பின்னால் வரும் இயற்பெயரே. ஆகவே, இயற்பெயரைக் குடும்பப்பெயரின் இடத்தில் வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளுவதே சரி. வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரில் உள்ள ‘சுப்பிரமணியன்’ அவர் தந்தையின் பெயர். உலகம் முழுவதும் பட்டியல்களில் அவர் ‘சந்திரசேகர், எஸ்.’ என்றே இருக்கிறார். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையை ‘பிள்ளை, எஸ். வி.’ என்று பிரித்துவிட்டால், அவர் எண்ணற்ற பிள்ளைகளுக்கு நடுவே காணாமல் போய்விடுவார். ‘வையாபுரிப் பிள்ளை, எஸ்.’ என்று சேர்த்தே எழுதுங்கள். உயிரோடிருக்கும் ஆசிரியரானால், தம் கட்டுரைகளில் அவர் தம் பெயரை எப்படி எழுதிவருகிறாரோ அதையே பின்பற்றுவதுதான் மரியாதை. உங்கள் சொந்தப் பெயருக்கும் ஒரே வடிவத்தை முதல் கட்டுரையிலேயே முடிவு செய்து, ஆய்வாளர்களைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்றையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (தமிழியல் ஆய்வாளர், மதுரை): பழைய பதிப்புகள் சிலவற்றில் ‘விஜய வருஷம்’ என்றும், வேறு சிலவற்றில் திருவள்ளுவர் ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. பட்டியலில் எந்த ஆண்டைத் தருவது?

பதில்: திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31ஐக் கழித்தால் பொது ஆண்டு கிடைக்கும், 2050 என்றிருந்தால் 2019. தை மாதத்தில் ஆண்டு மாறுவதால், சனவரி முதல் பாதியில் வெளிவந்த நூலுக்கு மட்டும் ஓர் ஆண்டு கூடும். அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்கள்தாம் சிக்கலானவை. விஜய வருஷம் 1893–94லும் வந்தது, 1953–54லும் வந்தது. அச்சகத்தின் பெயர், பதிப்பாசிரியரின் காலம், முகவுரையில் குறிப்பிடப்படும் மனிதர்கள் ஆகியவற்றை வைத்து எந்தச் சுற்று என்று உறுதி செய்த பிறகே ஆண்டை எழுத வேண்டும். அந்த வருஷம் சித்திரையில் தொடங்கி அடுத்த பொது ஆண்டின் ஏப்ரலில் முடிவதால், மாதம் தெரியாதபோது ‘1893/94’ என்று இரண்டையும் எழுதுங்கள். முகப்பில் உள்ள வருஷப் பெயரையும் உடன் குறித்தால், அதே படியைத் தேடுகிறவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி (அதே ஆய்வாளர்): சங்கப் பாடலுக்கும் குறளுக்கும் பக்க எண் தர வேண்டுமா?

பதில்: பாடல் எண்ணும் குறள் எண்ணும் போதும். ‘புறநானூறு 192’ என்றால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அந்தப் பாடலை எடுத்துவிடலாம். உரையையோ பாடவேறுபாட்டையோ சுட்டும்போது மட்டும் பதிப்பும் பக்கமும் கட்டாயம் வேண்டும்; உ.வே.சா.வின் 1894ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் பின்வந்த பதிப்புகளுக்கும் பக்கங்கள் ஒத்துப்போகா.

கேள்வி (கல்வியியல் மாணவர், கோயம்புத்தூர்): மூன்று ஆசிரியர்கள் இருந்தால் எல்லாப் பெயரையும் எழுத வேண்டுமா?

பதில்: ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி, மூவரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால் கட்டுரைக்குள் முதல் தடவையிலிருந்தே முதல் பெயரோடு ‘பிறர்’ என்பதற்குரிய குறிப்பு போதும். பட்டியலில் இருபது பேர் வரை முழுமையாக எழுத வேண்டும். பதிப்பகம் இருக்கும் ஊரை அந்தப் பதிப்பு கைவிட்டுவிட்டது. ஆறாம் பதிப்பைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர், சேலம்): செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று தந்த பட்டியலில் சில கட்டுரைகள் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. என் நெறியாளர் நீக்கிவிடச் சொல்கிறார்.

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வது முற்றிலும் சரி. அந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைக்கும் பொருத்தமான தலைப்பு, நம்பத்தக்க ஆசிரியர் பெயர், டிஓஐ எண் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) எல்லாவற்றையும் கட்டித் தந்துவிடும். கிடைத்த கட்டுரைகளையும் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள்: ஒவ்வொரு டிஓஐயையும் சொடுக்கி, திறக்கும் பக்கத்தில் அதே தலைப்பும் அதே ஆசிரியரும் இருக்கிறார்களா என்று பார்த்து, கட்டுரையைப் படித்த பிறகே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறர் நூலின் வழியாக மட்டுமே அறிந்த ஒரு கருத்தானால், யார் வழி அறிந்தீர்கள் என்பதைக் கட்டுரைக்குள் சொல்லி, நீங்கள் கையில் எடுத்துப் படித்த நூலை மட்டும் பட்டியலில் இடுங்கள்.

வெளியிட்ட இதழே பின்னர் செல்லாதென்று திரும்பப் பெற்ற கட்டுரைகள் உங்கள் பட்டியலில் உள்ளனவா என்பதையும் இதே நேரத்தில் சோதித்துவிடலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரையை அந்த இதழ் திரும்பப் பெற்றதே 2010இல்தான். அந்த இடைவெளியில் அதை ஆதாரமாகக் காட்டியவர்கள் பலர். ஜோட்டெரோ இத்தகைய பதிவுகளைச் சிவப்பில் எச்சரித்துக் காட்டும்.

கேள்வி (பொறியியல் ஆய்வாளர், சென்னை): அனுப்புவதற்கு முந்தைய நாள் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கட்டுரைக்குள் சுட்டிய ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் சுட்டப்பட்டிருக்கிறதா என்று இரு திசையிலும் சரிபாருங்கள். இதழ்ப் பெயர்களைச் சுருக்கச் சொல்லும் இதழானால், ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ போன்ற ஒற்றைச் சொல் பெயர்களைச் சுருக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு கோப்பை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் மேற்கோள் மென்பொருளோடு உள்ள இணைப்பை நீக்கி அனுப்புங்கள். மதிப்பாய்வாளர் இன்னும் நான்கு கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னால், எண்கள் தாமாக மாற வேண்டுமே; அதற்கு இணைப்பு நீங்காத மூலக் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும்.