பதில்: தண்ணீரில் ஸ்பின் எதிரொலி ஏன் சீக்கிரம் தேய்கிறது?

அணுக்காந்த ஒத்ததிர்வுச் (என்எம்ஆர்) சோதனையில் ரேடியோ துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டக் கூட்ட எதிரொலி (துடிப்புகளுக்குப் பின் தண்ணீரின் புரோட்டான்கள் திரும்பத் தரும் சமிக்ஞை) சட்டென்று விழுகிறது, சுத்தமான தண்ணீருக்கு டி2 (அந்தச் சமிக்ஞை தானாகத் தேயும் காலம்) சில விநாடிகள் வரவேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். கருவி கெட்டுவிட்டதென்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மூலக்கூறுகள் நகர்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் சிதறிய புரோட்டான் சுழற்சிக் கட்டங்களை 180 டிகிரி துடிப்பு (ஸ்பின்களைப் புரட்டிப்போடும் துடிப்பு) திரும்பச் சேர்க்கும். ஆனால் ஒவ்வொரு புரோட்டானும் இருந்த இடத்திலேயே இருந்தால்தான் கணக்கு நேராகும். தண்ணீரில் அது எங்கே நடக்கிறது? புலம் சீராகச் சரிந்தால், இந்த இழப்பின் அடுக்கு (எதிரொலி உயரத்தின் மடக்கை குறையும் அளவு) துடிப்பு இடைவெளியின் மும்மடியாக ஏறும்; இடைவெளி இரட்டித்தால் 8 மடங்கு. எதிரொலி உயரத்தின் மடக்கையை வரைந்து பாருங்கள். நேர்கோடாக வராமல் கீழே வளைந்தால் இதேதான்.

ஸ்பின் எதிரொலியைக் கண்டுபிடித்த ஹான் 1950-லேயே இதைக் கவனித்திருந்தார். கார், பர்செல் என்ற இயற்பியலாளர்கள் 1954-ல் காட்டிய வழி, ஒரே ஒரு 180 டிகிரி துடிப்புக்குப் பதில் நெருக்கமாகப் பல; இடைவெளி குறுகுவதால் நகர்வின் இழப்பும் குறையும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதால், மைபூம், கில் (1958) செய்ததுபோல அவற்றின் கட்டத்தை முதல் துடிப்பிலிருந்து 90 டிகிரி தள்ளி வையுங்கள். கியூபிட்டை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) காப்பாற்றுவதும் ஏறக்குறைய இதே வித்தையில்தான்.

சொல்லப்போனால், உங்களுக்குத் தொல்லையான இந்த நகர்வை அளந்துதான் எம்ஆர்ஐ-யில் பக்கவாதத்தைச் சீக்கிரமே பிடிக்கிறார்கள். வரைபடம் வந்ததும் இங்கே போடுங்கள்.