சக்கை ஈரமும் இறங்கும் நீராவி அழுத்தமும்

ஐயா, உங்கள் சர்க்கரை ஆலையின் கொதிகலனில் எரிக்கும் கரும்புச் சக்கையின் ஈரம் 53 விழுக்காடு என்றும், எத்தனால் வடிகலனுக்கு நீராவி திறந்தவுடன் கொதிகலன் அழுத்தம் இறங்குவதால் விறகு வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விறகைச் சற்றே ஒத்திவையுங்கள். 50 விழுக்காடு ஈரமுள்ள சக்கை கிலோவுக்குத் தருவது சுமார் 1,800 கிலோகலோரி. ஈரம் ஒரு புள்ளி கூடினால் அதில் ஏறக்குறைய 50 கிலோகலோரி போய்விடும். கடைசி மில்லின் உருளைப் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா, சாறு வடியும் பள்ளங்களில் சக்கைத்தூள் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிச்சச் சர்க்கரையைக் கரைத்தெடுக்கச் சக்கைமேல் தெளிக்கும் ஊறல் நீரைத்தான் பலரும் பழிப்பார்கள்; அதைக் குறைத்தாலோ, சர்க்கரையும் சக்கையோடு அடுப்புக்குப் போகும். அடுத்து, சாற்றைச் சூடாக்க டர்பைனிலிருந்து வரும் நீராவியையே நேரடியாகக் கொடுக்கிறீர்களானால், முதற்கட்டச் சூடாக்கலையாவது சாற்றை வற்றவைக்கும் ஆவியாக்கி வரிசையின் இரண்டாம் கலனிலிருந்து எடுக்கும் ஆவிக்கு மாற்றுங்கள். மிச்சமாகும் நீராவியை வடிகலனுக்குத் திருப்பலாம்.