ஏஐ எழுதிய பில்லிங் கோடு: புதுச்சேரி பில்லில் வரி தப்பாக விழுவது பற்றி

வணக்கம். கடலூர் மொத்தக் கடைக்கு ஏஐ டூல் எழுதிய பைத்தான் கோடு, புதுச்சேரி பில்லுக்கும், ஒரே மாநிலத்துக்குள் விற்றால் வரும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரிகளைப் போடுகிறது; சரிசெய்யச் சொன்னால் பைசா கணக்கு உதைக்கிறது என்கிறீர்கள்.

திரும்பத் திரும்ப 'சரிபண்ணு' என்று கேட்காதீர்கள். விதியை நீங்கள் சொல்லாததால் அது ஊகிக்கிறது. இருக்கும் கோடை முதலில் கிட்டில் (கோடின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) கமிட் செய்யுங்கள், அதாவது பதிந்து வையுங்கள். அடுத்து, கோடு சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டை உங்கள் கையாலேயே எழுதுங்கள். சரக்கு போய்ச் சேரும் மாநிலக் குறியீடு 33 (தமிழ்நாடு) என்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், 34 (புதுச்சேரி) என்றால் வெளி மாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றுக்கும் தனித்தனி டெஸ்ட் வேண்டும், மூன்றும் புதுச்சேரியைச் சேர்ந்தவை, குறியீடு 34தான். ஊர்ப்பெயரை வைத்துப் பிரித்திருந்தால் காரைக்கால் தமிழ்நாட்டில் போய் விழலாம். ஒரு விலக்கு உண்டு: புதுச்சேரி வியாபாரி வாங்கி, சரக்கைப் பண்ருட்டியில் வேறொருவரிடம் இறக்கச் சொன்னால், வாங்கியவரின் 34தான் கணக்கு. இதை டூல் தானாகக் கேட்கும் என்று நம்பாதீர்கள்.

பைசா பிரச்சினைக்குக் காரணம் ஃப்ளோட், அதாவது தசம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் முறை. பைத்தானில் 2.675ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.68 வராமல் 2.67தான் வரும். தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் டெசிமலுக்கு மாறுங்கள், எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள், இல்லையென்றால் ஃப்ளோட் பிழை அப்படியே உள்ளே வரும். ரவுண்டிங் முறை 'ஹாஃப் அப்' (சரிபாதியாக வந்தால் மேலே ஏற்றுவது).

பிறகு புதுச் சாட் திறந்து, வரிக் கணக்கு ஃபங்ஷனை மட்டும் கொடுத்து, டெஸ்ட் ஃபைலைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். சொன்னாலும், எந்தெந்த வரி மாறியது என்று காட்டும் கிட் டிஃப் பாருங்கள். டெஸ்ட் பாஸாக வேண்டுமென்று, டெஸ்ட்டில் நீங்கள் எழுதிய தொகையையே டூல் சில நேரம் மாற்றிவிடும். அப்படியானால் பழைய கமிட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.