அமெரிக்காவிலேயே தோன்றிய திராட்சையில் நல்ல சிவப்பு ஒயின் செய்கிறார்களா?

செய்கிறார்கள். நார்ட்டன் என்று பெயர். மிசூரி மாநிலத்துக்குக் குடிவந்த புதிதில், ஆற்றங்கரையில் இருக்கும் ஹெர்மன் என்ற சிற்றூரில்தான் முதன்முதலாகக் குடித்தேன். உண்மையைச் சொன்னால் பிடிக்கவில்லை. மை மாதிரி கறுத்த நிறம், பல் கூசும் புளிப்பு.

அமெரிக்கத் திராட்சை என்றாலே பலருக்கு கான்கார்டு என்ற திராட்சை ரகத்தின் ஜூஸ் வாசனைதான் நினைவுக்கு வரும். நம் பெங்களூர் ப்ளூ பழத்திலும் அந்தச் சாயல் உண்டு. இரண்டுமே லப்ரஸ்கா என்ற அமெரிக்கக் காட்டு இனத்தின் வழிவந்தவை. அந்த வாசனை ஒயினில் ஏறினால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். நார்ட்டன் பெரும்பாலும் ஏஸ்டிவாலிஸ் என்ற வேறு காட்டு இனத்தின் வழி. அதனால் அந்த வாசனைத் தொல்லை இதில் கிடையாது.

1820களில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில், டேனியல் நார்ட்டன் என்ற மருத்துவர் தன் தோட்டத்தில் வளர்த்தெடுத்த ரகம் இது. ஹெர்மனில் குடியேறிய ஜெர்மானியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1873-ல் வியன்னா உலகக் கண்காட்சியில் மிசூரி நார்ட்டன் பரிசு வாங்கியது. அப்புறம் 1920-ல் மதுவிலக்கு வந்தது, எல்லாம் போயிற்று. ஹெர்மனின் ஸ்டோன் ஹில் ஒயின் ஆலையின் நிலவறைகளில் காளான் வளர்த்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 1965-ல்தான் அங்கே மறுபடி ஒயின் வேலை தொடங்கியது. 2003-ல் நார்ட்டனை மிசூரியின் மாநிலத் திராட்சையாகவே அறிவித்துவிட்டார்கள்.

சரி, இவ்வளவு பெருமை இருந்தும் ஏன் எங்கும் பரவவில்லை? மதுவிலக்கு ஒரு காரணம். செடியின் குணம் இன்னொன்று. பூஞ்சை நோயை நன்றாகத் தாங்கும். ஆனால் மற்றத் திராட்சை போலக் குச்சியை வெட்டி நட்டால் லேசில் வேர்விடாது, பதியன் போட வேண்டியிருக்கும். பழமும் சின்னது, சாறு குறைவு. என் பல்லைக் கூச வைத்தது மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் இருக்குமே, அதேதான். இதில் அது அதிகம். ஒயின் செய்பவர் பக்குவமாக அதைத் தணிக்காவிட்டால் குடிப்பவர் பாடு திண்டாட்டம்.

என் மனம் மாறியது ஒரு நண்பர் வீட்டில். ஆறு வருடம் படுக்கவைத்திருந்த பாட்டிலைத் திறந்தார். புளிப்பு அடங்கி, கறுப்புப் பழங்களின் சுவை மேலே வந்திருந்தது. தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா. நீங்கள் வாங்கினால் புதுப் பாட்டில் வேண்டாம், ஐந்தாறு வருடம் பழையதாகக் கேளுங்கள். சிந்தியானா என்று லேபிள் இருந்தாலும் தயங்காதீர்கள், அதுவும் நார்ட்டன்தான்.