பல்கலைக்கழகத்தில் சமயம் படித்தால் பக்தி போய்விடுமா?

முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: ஏ.எல்லில் (உயர்தரத்தில்) இந்து நாகரிகம் எடுத்தேன், கம்பஸிலும் சமயமே படிக்கலாமா, நம்பிக்கை போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்களே என்று.

படியுங்கள் தங்கச்சி. அறநெறிப் பாடசாலையில், அதாவது ஊர்ச் சமய வகுப்பில், எப்படிக் கும்பிடுவது என்று சொல்லித் தருவார்கள். பல்கலைக்கழகத்தில் மனிதர் ஏன், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று ஆராய்வார்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பு அங்கே பரீட்சைக்கு வராது.

உங்கள் முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனையே எடுங்கள். வைகாசிப் பொங்கலுக்கு முன் பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு, அப்புறம் கடலில் தீர்த்தமெடுத்தல், முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்தல். பக்தருக்கு இது அம்மன் அருள். மாணவி அதோடு இன்னும் கேட்பாள்: யார் தீர்த்தமெடுக்கும் உரிமை உள்ளவர்? எந்தக் குடும்பத்துக்கு என்ன கடமை? இடம்பெயர்வுக்குப் பிறகு சடங்கில் எது மாறியது? இதே கண்ணகியைச் சிங்களவர் பத்தினி தெய்யோ என்று கும்பிடுவது எப்படி? வரலாறு, சமூகவியல், இலக்கியம் மூன்றும் இதற்கு வேண்டும்.

மன்னாரில் கத்தோலிக்கர் வணங்கும் மடு மாதாவும் அப்படித்தான். ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் அவர்கள் கொண்டுபோன மாதா சுரூபத்தைத் தேடி இன்று சைவர்களும் வருகிறார்கள். உங்கள் சமயத்தை மட்டும் படிக்காமல், இப்படி அடுத்தவர் சமயத்தையும் அவர்கள் கண்ணால் பார்க்கப் பழகுவதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகமும் கிறிஸ்தவ நாகரிகமும் படிக்கலாம். வேலை என்று பார்த்தால் ஆசிரியத் தொழில்தான் முதலில் வரும். வீட்டாரிடம் இதையும் சொல்லுங்கள்: நல்ல விரிவுரையாளர் யாரும் உங்கள் திருநீற்றை அழிக்கச் சொல்ல மாட்டார்.