ஊருக்குக் கிளம்பும் தேதியைப் பார்த்துப் போடுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்குச் சொந்த ஊர் திருச்சி பக்கம் துவாக்குடி. ஜூரோங் தீவில் ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஒரு ஷட்டவுன் வேலைக்காக, வெல்டிங் இன்ஸ்பெக்டராக ஆறு மாத எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் 2025 செப்டம்பர் 12 காலை சிங்கப்பூர் வந்து இறங்கினேன். சம்பளம் மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தங்க ரூம் கம்பெனி கொடுத்திருக்கிறது. தீபாவளிக்கு மட்டும் எட்டு நாள் ஊருக்குப் போய்வந்தேன். ஒப்பந்தம் 2026 மார்ச் 10-ஆம் தேதி முடிகிறது. அன்று இரவே டிக்கெட் போட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள். முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தில் 15 விழுக்காட்டை ‘டேக்ஸ்’ என்று பிடிக்கிறார்கள். ரூமில் இருக்கும் நண்பரோ, “183 நாளுக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது” என்கிறார். யார் சொல்வது சரி? பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தம்பி, டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் முதலில் அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கான பதில் பாஸின் வகையில் இல்லை, கம்பெனி போடும் கணக்கிலும் இல்லை. நீங்கள் விமானம் ஏறும் தேதியில் இருக்கிறது.

நாள்களை எண்ணிப் பார்ப்போம். செப்டம்பரில் 19, அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 31. ஆக 2025-இல் 111 நாள். 2026-இல் மார்ச் 10 வரை 69 நாள். மொத்தம் 180. சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் இதில் சேரும். தீபாவளிக்குப் போன எட்டு நாளும் தற்காலிக விடுப்புதான் என்பதால் அதைக் கழிக்க வேண்டியதில்லை.

ஐராஸ் என்று நாம் சொல்லும் உள்நாட்டு வருவாய் ஆணையம், ஒரே நாள்காட்டி ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தவரை வரிக்கான ‘குடியிருப்பாளர்’ என்று எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு இரண்டு ஆண்டிலும் தனித்தனியாக அது வராது. ஆனால் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இரண்டாண்டுச் சலுகை ஒன்று உண்டு. வேலை இடைவெளி இல்லாமல் ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு நீண்டு, மொத்தம் 183 நாள் ஆகிவிட்டால், இரண்டு ஆண்டுக்குமே குடியிருப்பாளர் கணக்குதான். வேலைக்கு முன்னும் பின்னும் ஒட்டினாற்போல் நீங்கள் இங்கே இருந்த நாள்களும் இதில் சேரும். கம்பெனி இயக்குநர், மேடைக் கலைஞர், தனியாக வந்து பயிற்சி கொடுப்பவர் போன்றோருக்கு இந்தச் சலுகை இல்லை. உங்களுக்கு உண்டு.

உங்கள் 183-ஆவது நாள் மார்ச் 13. கம்பெனி உங்களை அனுப்பப் பார்ப்பது 180-ஆவது நாள்.

அந்த மூன்று நாளின் விலை என்ன தெரியுமா? மார்ச் 10-ஆம் தேதி போய்விட்டால் நீங்கள் ‘குடியிருப்பாளர் அல்லாதவர்’. அப்படிப்பட்டவரின் சம்பளத்துக்கு மொத்தத்தில் 15 விழுக்காடு, அல்லது குடியிருப்பாளருக்கான விகிதம், இரண்டில் எது அதிகமோ அது. தனிநபர் கழிவுகளும் கிடையாது. உங்கள் 2025 சம்பளம் ஏறத்தாழ 16,350 வெள்ளி, 2026-இல் ஏறத்தாழ 10,450. இரண்டுக்கும் சேர்த்து வரி 4,000 வெள்ளியைத் தொடும். மார்ச் 13-ஐத் தாண்டி இருந்தால், ஒவ்வோர் ஆண்டும் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. ரூம் வசதியின் மதிப்பையும் வருமானத்தோடு சேர்ப்பார்கள். அதைச் சேர்த்து 20,000-ஐக் கொஞ்சம் தாண்டினாலும், அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடுதான். ஆகக்கூடி சில வெள்ளி, அல்லது ஒன்றுமே இல்லை. சுட்டெரிக்கும் வெயிலில் குழாய் மேல் ஏறி இறங்கிச் சம்பாதித்த பணம், தம்பி. மூன்று நாள் அவசரத்தில் அதை விடக்கூடாது.

உங்கள் நண்பர் சொல்வதும் ஓரிடத்தில் உண்மைதான், அதனால்தான் இவ்வளவு பேர் குழம்புகிறார்கள். இந்தியா–சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் 183 நாளுக்கு மேற்படாமல் வந்து போகிறவருக்கு இங்கே வரிவிலக்கு உண்டு. ஆனால் அவருடைய முதலாளி இந்தியக் கம்பெனியாக இருக்க வேண்டும். அந்தச் சம்பளச் செலவை இங்குள்ள கிளை ஏற்கவும் கூடாது. சென்னைக் கம்பெனி சம்பளம் போட்டு அனுப்பிவைத்த பொறியாளருக்கு அது பொருந்தும். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது சிங்கப்பூர் கம்பெனி. ஆகவே அந்தப் பொறியாளருக்கு 183-ஐத் தாண்டாமல் இருந்தால் லாபம், உங்களுக்கு 183-ஐத் தொட்டால்தான் லாபம். இன்னொன்று, ஓர் ஆண்டில் 60 நாளுக்கு மேற்படாத குறுகிய வேலைக்கும் விலக்கு உண்டு. அது உங்களுக்கு எட்டாது.

சரி, மாதாமாதம் பிடிக்கும் பணத்துக்கு வருவோம். இந்தியாவில் டிடிஎஸ் பிடிப்பதைப் பார்த்துப் பழகியதால் இது சாதாரணமாகத் தெரியலாம். சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் வருமான வரி பிடிக்கும் முறையே இல்லை. ஆண்டு முடிந்த பிறகு கணக்குப் பார்த்து வரி கேட்பார்கள். வெளிநாட்டவர் வேலையை விட்டுப் போகும்போது கடைசியில் ஒரே தடவையாகத் தீர்ப்பார்கள். மத்திய சேமநிதி பிடித்தமும் உங்களுக்குக் கிடையாது. அப்படியானால் உங்கள் சம்பளச் சீட்டில் ‘டேக்ஸ் 675.00’ என்று நிற்கும் அந்தப் பிடித்தம் எதன் பேரில்? ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பிடித்தத்துக்குச் சம்மதம் என்று எங்காவது கையெழுத்துப் போட்டிருந்தாலும், அதை எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற வேலை நியமனச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காக உங்களைத் தண்டிக்கவும் முடியாது. கையெழுத்தே போடவில்லை என்றால் அந்தப் பிடித்தத்துக்கு ஆதாரமே இல்லை. கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். கடைசியில் வரி கட்ட வேண்டி வந்தால் பணம் கையில் இருக்கட்டும் என்று கணக்குப் பிரிவு நினைத்திருக்கலாம். ஆனாலும் அது உங்கள் பணம். சண்டையாக இல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: இதுவரை எவ்வளவு பிடித்தீர்கள், எந்த விதிப்படி, அது ஐராஸிடம் கட்டப்பட்டதா? வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும்.

முறையான வழி ‘ஐஆர் 21’ என்ற படிவம். நீங்கள் வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முதலாளி அதை ஐராஸுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் விஷயத்தில் பிப்ரவரி 10-க்குள். நீங்கள் வேலையை விடப்போவது தெரிந்ததிலிருந்தே, உங்களுக்குத் தர வேண்டிய கடைசிச் சம்பளம் உள்ளிட்ட தொகையை நிறுத்தி வைக்கச் சட்டமே சொல்கிறது. அதைக் கண்டு பதற வேண்டாம். வரி எவ்வளவு என்று ஐராஸ் சொன்னதும் அதைக் கட்டிவிட்டு மீதியை உங்களிடம் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் நீங்கள் நாட்டைவிட்டுக் கிளம்பும் தேதியும் எழுதப்படும். மார்ச் 10 என்று எழுதி அனுப்பிவிட்டால் 15 விழுக்காட்டுக் கணக்குதான் வரும். ஆகவே படிவம் போவதற்கு முன்பே தேதியைப் பேசி முடியுங்கள். ஒருவேளை தவறான மதிப்பீடு வந்துவிட்டால், அந்த நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை என்பதால் போர்டிங் பாஸ், இ-டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தங்குவது? நல்ல வழி, ஒப்பந்தத்தையும் பாஸையும் இரண்டு வாரம் நீட்டிக்கச் சொல்வது. ஷட்டவுன் முடிந்தபின் ரிப்போர்ட் வேலை எப்படியும் மிச்சம் இருக்கும். அது நடக்காவிட்டால், எஸ் பாஸை ரத்து செய்யும்போது வழக்கமாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதி கொடுப்பார்கள். அதில் தங்கலாம். ஆனால் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது, ‘சும்மா வந்து ஒரு வெல்டைப் பார்த்துவிட்டுப் போ’ என்று கூப்பிட்டாலும் போகக்கூடாது. அது குற்றம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 11 வரை நீங்கள் இந்தியாவில் 164 நாள் இருந்தீர்கள். தீபாவளி எட்டு நாளையும் சேர்த்தால் 172. வேலைக்காக வெளிநாடு கிளம்பிய இந்தியக் குடிமகனுக்கு அங்கே எல்லை 182 நாள். மார்ச் 11-ஆம் தேதி ஊரில் இறங்கினால் மாதக் கடைசிக்குள் 193 ஆகிவிடும். மார்ச் 14-இல் இறங்கினாலும் 190. இரண்டிலும் நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர். சிங்கப்பூர்ச் சம்பளத்தையும் அங்கே காட்டி வரி கட்ட வேண்டும். இங்கே வரி எதுவும் கட்டாதபோது, அதை அங்கே கழித்துக்கொள்ளவும் வழி இல்லை. மார்ச் 23-க்குப் பிறகு இறங்கினால் எண்ணிக்கை 181-ஐத் தாண்டாது. அப்போது இங்கே வேலை செய்து இங்குள்ள வங்கிக் கணக்கில் வாங்கிய சம்பளம் இந்திய வரிக்குள் வராது. இரண்டு வார ரூம் வாடகை கைக்காசிலிருந்து போனாலும் கட்டுப்படியாகும். நான் சிங்கப்பூர் வழக்கறிஞன் என்பதால், இந்தக் கணக்கைத் திருச்சியில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, மார்ச் 25 அல்லது அதற்குப் பிந்திய தேதிக்கு டிக்கெட் கேளுங்கள்.

பிடித்த பணத்தை வரித் தீர்வு முடிந்த பிறகும் தரவில்லை என்றால், ‘டாடெம்’ என்ற முத்தரப்புத் தகராறு தீர்வு அமைப்பில் சம்பளக் கோரிக்கை கொடுங்கள். வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இங்கே இருக்கும்போதே கொடுப்பது எளிது. சமரசம் ஆகாவிட்டால் அது வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை, நீங்களே பேசலாம். அதற்குச் சம்பளச் சீட்டுகளும் அந்த மின்னஞ்சல் பதிலும் போதும். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் கணக்கை இப்போதே சரிபார்த்து வையுங்கள். பணம் வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.